சிறிய அறையும் அகன்ற பார்வையும்
ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு அகலக்கோண லென்ஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்ற ஆண்டு நவராத்திரிக்கு இரண்டு மாதம் முன்னதாக நம் சங்க அன்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். லேக் மார்க்கெட் பக்கத்தில் மூன்று தலைமுறையாக அவர் குடும்பம் குடியிருக்கும் தரைத்தள வீட்டை, வீட்டுக்காரர் புரமோட்டரிடம் ஒப்படைத்துவிட்டார். பூஜை விடுமுறை முடிந்ததும் சாவியைக் கொடுத்தாக வேண்டும். அந்த வீட்டில் வைக்கும் கடைசிக் கொலு அது. அதைக் குடும்பத்தோடு சேர்த்து ஒரே படமாக எடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

கையோடு முந்தின ஆண்டுப் படம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். அப்பா வாங்கி வைத்த ரஷ்ய ஜோர்க்கி-4 கேமராவில், அதோடு வந்த 50 மி.மீ. லென்ஸில் எடுத்தது. சுவரில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போய்த்தான் எடுத்தாராம். அப்படியும் கொலுவின் நடுப்பகுதிதான் விழுந்திருந்தது. வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார் படத்தில் இல்லை. சுண்டல் கிண்ணத்தைப் பிடித்த அந்த அம்மாளின் கை மட்டும் இருந்தது. அம்மாளுக்கு வயது 88.

“எல்லாரும் 15 மி.மீ. லென்ஸ் வாங்கு, 12 வாங்கு என்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பென்ஷன் பணத்தில் நான் எதை வாங்குவது சார்?” என்று கேட்டார்.

“முதலில் வீட்டை அளப்போம். லென்ஸைப் பிறகு பார்க்கலாம்” என்றேன். இருப்புப்பாதையில் காலம் கழித்தவனுக்கு டேப் இல்லாமல் யோசனை ஓடாது. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். வீட்டில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வைத்திருக்கும் அன்பர்களுக்கும், இப்போது மீண்டும் பிலிம் பக்கம் திரும்பியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது உதவலாம்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது என்ன?

நில அளவையில், எட்ட முடியாத ஒரு பொருளின் தூரத்தைக் காண ஒரு அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்து கோணம் அளப்போம். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் அதையே செய்கிறது. முன்பக்கம் சற்று இடைவெளி விட்டு இரண்டு சன்னல்கள் இருக்கும். அவற்றின் வழியாக வரும் இரண்டு பிம்பங்களும் கண்ணுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாகப் பொருத்தினால் தூரம் சரியாகிவிட்டது என்று பொருள்.

இதில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தனிச் சன்னல் வழியாகப் பார்க்கிறோம். லென்ஸின் மூடியைக் கழற்றாமலே ஒரு சுருள் முழுவதையும் எடுத்து முடித்தவர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன்தான்.

லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே கண்ணாடி ஏதும் மேலும் கீழும் ஆடுவதில்லை. எஸ்.எல்.ஆர். கேமராவில் அந்த ஆடும் கண்ணாடிக்காக லென்ஸின் இருக்கைக்கும் பிலிமுக்கும் இடையே 40 மி.மீ.க்கு மேல் இடம் விட வேண்டும். அங்கே 21 மி.மீ. லென்ஸ் வைப்பதானால், ஒளியைச் சுற்றிவளைத்துக் கொண்டுவரும் ரெட்ரோஃபோகஸ் என்ற அமைப்பு தேவை. பிரான்ஸின் ஆஞ்சனியூ நிறுவனம் 1950இல் இதைக் கொண்டுவந்தது. அதனால் லென்ஸ் பருத்துப்போகிறது. நேர்க்கோடுகள் வளையாமல் பார்த்துக்கொள்வதும் கடினமாகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தத் தடை இல்லை. லென்ஸின் பின்பகுதி பிலிமுக்கு மிக அருகில் போய் நிற்கலாம். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக, சிறியதாகச் செய்யலாம். கதவு, தூண், படிக்கட்டு ஆகியவற்றின் கோடுகள் நேராகவே விழும். அறைகளையும் கட்டடங்களையும் எடுப்பவர்கள் இதை விரும்பக் காரணம் இதுவே.

எவ்வளவு அகலம் வேண்டும்? ஒரு சிறு கணக்கு

35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 மி.மீ. × 24 மி.மீ. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்தால் போதும்.

படத்தில் அடங்கும் அகலம் = 36 × தூரம் ÷ குவியத் தூரம்.

தூரத்தை அடியில் போட்டால் விடையும் அடியில் வரும். பத்து அடி தூரத்தில் எந்த லென்ஸ் எவ்வளவு அகலத்தைப் பிடிக்கும் என்று பார்ப்போம்:

50 மி.மீ. – 7.2 அடி
35 மி.மீ. – 10.3 அடி
28 மி.மீ. – 12.9 அடி
21 மி.மீ. – 17.1 அடி
15 மி.மீ. – 24 அடி
12 மி.மீ. – 30 அடி

உயரம் வேண்டுமானால் 36க்குப் பதில் 24 போட வேண்டும். கேமராவை நிறுத்திப் பிடித்தால் இரண்டும் இடம் மாறும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். தேவையான குவியத் தூரம் = 36 × தூரம் ÷ அகலம். கடைக்குப் போகுமுன் போட வேண்டிய கணக்கு இதுதான்.

அன்பரின் கூடம் 10 அடி அகலம், 12 அடி நீளம். கொலு எதிர்ச்சுவரை ஒட்டி இருக்கும். அதன் முன் குடும்பத்தார் வரிசையாக உட்காருவார்கள். நிலைப்படியில் நிற்கும் கேமராவுக்கும் அந்த வரிசைக்கும் 6 அடி. வரிசை சுவருக்குச் சுவர் 10 அடி. எனவே 36 × 6 ÷ 10 = 21.6. அதாவது 21 மி.மீ. லென்ஸ் போதும். 6 அடி தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் பிடிப்பது 4.3 அடிதான். முந்தின ஆண்டு அம்மாள் ஏன் படத்தில் இல்லை என்பது இப்போது விளங்கும். 28 மி.மீ. என்றால் 7.7 அடி, இரண்டு பேர் வெளியே போவார்கள். 15 மி.மீ. என்றால் 14.4 அடி. அறையே 10 அடிதான் என்னும்போது மிச்சம் நாலு அடிக்கு என்ன செய்வது? பக்கச் சுவர்கள்தான் வந்து நிறையும். முகங்கள் 21இல் எடுத்ததைவிடச் சிறுத்துப் போகும். எண் குறையக் குறைய நல்லது என்ற எண்ணம் தவறு.

அடுத்து அவர் வீட்டுச் சமையலறை. 6 அடி அகலம், 8 அடி நீளம். அங்கே எடுக்க வேண்டியவை பக்கச் சுவர்களில் உள்ள அலமாரியும் அம்மிக்கல் மேடையும். வாசலில் நின்றால் ஒரு லென்ஸ் பக்கச் சுவரை எந்த இடத்திலிருந்து காணத் தொடங்கும் என்று கணக்குப் போட்டோம். 50 மி.மீ. லென்ஸுக்கு 8.3 அடியில், அதாவது எதிர்ச்சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. 21 மி.மீ.க்கு 3.5 அடியில், ஆக 8 அடிச் சுவரில் 4.5 அடி படத்தில் வரும். 15 மி.மீ.க்கு 2.5 அடியில்; 5.5 அடி வரும். 50இலிருந்து 21க்கு வந்ததில் கிடைத்த லாபம் 4.5 அடி. 21இலிருந்து 15க்குப் போனால் மேலும் கிடைப்பது ஒரே ஒரு அடி. அந்த ஒரு அடிக்காகப் பணம் செலவழிக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

அகலத்தோடு வரும் தொல்லைகள்

ஒன்று, ஓரத்தில் இருப்பவர் பருத்துத் தெரிவார். லென்ஸின் குற்றமல்ல இது. உருண்டையான பொருளைத் தட்டையான பிலிமில் சாய்வாக வீழ்த்துவதால் வருவது. படத்தின் இடவல ஓரத்தில் இருக்கும் தலை, உயரத்துக்கு ஏற்ற அகலத்தைவிட 28 மி.மீ.இல் சுமார் 1.2 மடங்கும், 21இல் 1.3 மடங்கும், 15இல் 1.5 மடங்குக்கு மேலும் விரியும். வயதானவர்களையும் குழந்தைகளையும் நடுவில் உட்கார்த்துங்கள். ஓரத்தில் குத்துவிளக்கு, கதவு, தூண் முதலியன இருக்கட்டும். ஓரத்தில் ஆள் நின்றே தீர வேண்டும் என்றால், படத்தைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளாத இளைஞராகப் பார்த்து நிறுத்துங்கள்.

இரண்டு, மூலைகள் இருளும். மையத்தில் விழும் ஒளியோடு ஒப்பிட்டால், கோணத்தின் கோசைன் நான்காம் படி அளவில் மூலையில் ஒளி குறையும் என்பது ஒளியியல் விதி. இந்தக் கணக்குப்படி 21 மி.மீ. லென்ஸில் மூலைக்குச் சுமார் கால் பங்கு ஒளியும், 15 மி.மீ.இல் பத்தில் ஒரு பங்கும்தான் வந்து சேரும். லென்ஸ் வடிவமைப்பால் இதை ஓரளவு சரிசெய்கிறார்கள். முழுதும் போக்க முடியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இது அழகாகக்கூட இருக்கும். ஸ்லைடு பிலிமில் உறுத்தும்.

மூன்று, கேமரா சற்று அண்ணாந்தாலும் தூண்கள் உள்நோக்கிச் சாயும். அகலம் கூடக்கூட இது அதிகமாகத் தெரியும். கொத்தனாரின் ரசமட்டம் இதற்கு நல்ல மருந்து. கேமராவின் தலையில் செருகும் சிறிய ரசமட்டம் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் மேசைமேல் வைத்து, கொத்தனார் மட்டத்தையே கேமராவின் முதுகில் சார்த்திப் பாருங்கள்.

இவற்றுக்கு ஈடாக ஒரு நன்மையும் உண்டு. அகல லென்ஸில் தெளிவின் ஆழம் அதிகம். 21 மி.மீ. லென்ஸை 2 மீட்டரில் வைத்து 5.6 துளையில் எடுத்தால், ஏறக்குறைய 1.15 மீட்டர் முதல் 8 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். அதாவது அறை முழுவதும். 15 மி.மீ. லென்ஸை 8 துளையில் ஒரு மீட்டரில் வைத்தால், அரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவுதான். ஆகவே இந்த லென்ஸ்களில் சில, கேமராவின் தூரமானியோடு இணைக்கப்படாமலே வந்தன. கையால் எண்ணைப் பார்த்து வைத்தால் போதும். “இணைப்பு இல்லையே” என்று பயந்து நல்ல லென்ஸை விட்டுவிட வேண்டாம்.

என்னென்ன கிடைக்கும்?

முதலில் உங்கள் கேமராவின் வாயைப் பாருங்கள். திருகிப் பொருத்துவதா, செருகித் திருப்புவதா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள்.

லைக்காவின் பழைய முறை 39 மி.மீ. விட்டமுள்ள திருகு மரை. லென்ஸின் இருக்கையிலிருந்து பிலிமுக்கு 28.8 மி.மீ. ஜோர்க்கி, ஃபெட், பழைய கேனான் ஆகிய கேமராக்களும் இந்த மரையையே கொண்டவை. 1954இல் வந்த லைக்கா எம்-3 முதல் செருகும் முறை வந்தது, அதில் 27.8 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 1 மி.மீ. எனவே 1 மி.மீ. தடிப்புள்ள வளையம் ஒன்றைப் போட்டால் திருகு லென்ஸை எம் கேமராவில் மாட்டலாம். ஆனால் எம் லென்ஸைத் திருகுக் கேமராவில் மாட்டவே முடியாது. இப்போது சீனாவில் செய்து மலிவாக விற்கும் டிடி ஆர்ட்டிசான், செவன் ஆர்ட்டிசான்ஸ் முதலிய லென்ஸ்கள் எம் முறையில் வருபவை. அவற்றை ஜோர்க்கிக்கென்று வாங்கி ஏமாற வேண்டாம். கியெவ் கேமராவின் முறை இவை இரண்டிலும் சேராதது.

இனி லென்ஸ்கள்:

ரஷ்ய ஓரியன்-15: 28 மி.மீ., துளை 6. கோடுகள் மிக நேராக விழும். மெதுவான லென்ஸ், வெளியில் எடுக்க ஏற்றது.

ரஷ்ய ருஸ்ஸார் எம்.ஆர்-2: 20 மி.மீ., துளை 5.6. இதை வடிவமைத்த மிகையில் ருசினோவ், விமானத்திலிருந்து நிலம் அளக்கும் கேமராக்களுக்கு அகல லென்ஸ் செய்து பேர் பெற்றவர். தூரமானி இணைப்பு இல்லை. பின்பகுதி வெகுதூரம் உள்ளே நீளும்; மாட்டும்போது கவனம். 2014இல் இதைப் புதிதாகச் செய்து மீண்டும் விற்றார்கள்.

வாய்க்ட்லேண்டர்: பழைய ஜெர்மன் பெயர், செய்வது ஜப்பானின் கொசினா நிறுவனம். 1999இல் தூரமானியோ பார்வைச் சன்னலோ இல்லாத பெஸ்ஸா-எல் என்ற எளிய கேமராவோடு 15 மி.மீ. 4.5 லென்ஸைத் திருகு மரையில் கொண்டுவந்தார்கள். அதுவரை 15 மி.மீ. என்றால் ஜைஸின் ஹோலோகான்தான். அது துளை 8இலேயே நின்றுவிட்ட, சாமானியர் நெருங்க முடியாத பொருள். கொசினா அந்த அகலத்தை நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டவைத்தது. 15 மி.மீ.இன் இரண்டாம் பதிப்பு 2009இலும் மூன்றாம் பதிப்பு 2015இலும் எம் முறையில் வந்தன. அவை ஜோர்க்கியில் ஏறா. இதே நிறுவனத்தின் 21 மி.மீ. துளை 4 கலர் ஸ்கோபார் திருகு மரையிலும் வந்தது. அதற்குத் தூரமானி இணைப்பும் உண்டு, உள்ளங்கையில் அடங்கும். செலவையும் பயனையும் எடை போட்டால் பெரும்பாலோருக்கு இதையே சொல்வேன்.

லைக்காவின் 21 மி.மீ. சூப்பர் ஆங்குலான் 1958இல் வந்தது. புகழ் பெற்றது. இன்றும் பல மடங்கு விலை. சேகரிப்பவர்களுக்கு விட்டுவிடுவோம்.

டிஜிட்டல் கேமராவில் வளையம் போட்டு இந்த லென்ஸ்களை மாட்ட நினைப்போருக்கு ஒரு வார்த்தை. பிலிம் எந்தச் சாய்வில் வரும் ஒளியையும் ஏற்கும். சென்சார் அப்படியல்ல. பழைய அகல லென்ஸ்களில் ஓரங்களில் செந்நிறச் சாயல் படியும். வாய்க்ட்லேண்டர் 15இன் மூன்றாம் பதிப்பு இதை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. சிறிய சென்சாராக இருந்தால் 15 மி.மீ. ஏறக்குறைய 22 மி.மீ. போலத்தான் நடந்துகொள்ளும்.

லென்ஸின் விலையோடு பார்வைச் சன்னலின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஜோர்க்கியின் சன்னல் 50க்கு மட்டும். எனவே 21க்கு உரிய தனிச் சன்னல் ஒன்றைக் கேமராவின் தலையில் செருக வேண்டும். சில சமயம் லென்ஸ் மலிவாகக் கிடைத்துச் சன்னல் விலை நம்மைத் திகைக்க வைக்கும். இரண்டும் சேர்ந்தே வரும் பொருளாகத் தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் சேரும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது

கொல்கத்தாவில் தர்மதலா மெட்ரோ சினிமாவை ஒட்டிய மெட்ரோ கலி, கேமராக்காரர்களின் சந்தை. போர்ன் அண்ட் ஷெப்பர்ட் போன்ற பழம்பெரும் ஸ்டூடியோ 2016இல் மூடப்பட்ட நகரத்தில், இந்தச் சந்து இன்னும் நடமாட்டத்தோடு இருப்பது ஒரு ஆறுதல். போகும்போது ஒரு சிறு டார்ச் கொண்டுபோங்கள்.

லென்ஸின் துளையை முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போலவோ பெருக்கல் குறி போலவோ மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. வங்காளத்து மழைக்காலம் அதற்குத் தாய்வீடு. மேலாகப் படிந்ததைச் சுத்தம் செய்யலாம். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. எங்கும் வெண்புகை படர்ந்தாற்போல் இருந்தால் அது மங்கல். படத்தின் சுறுசுறுப்பைக் குடித்துவிடும். துளையின் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு கூடாது. மரையில் நசுங்கல் கூடாது. திருகும்போது முதல் சுற்றே சிக்கினால் அழுத்தாமல் எடுத்துவிடுங்கள். முன்கண்ணாடியில் ஒன்றிரண்டு மெல்லிய கீறல் இருந்தால் கவலைப்பட வேண்டாம். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

வாங்கிவந்தபின் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நீலநிற மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் காயவைத்து மீண்டும் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. வாரம் ஒரு முறை லென்ஸை வெளிச்சத்தில் எடுத்து உபயோகிப்பது எல்லாவற்றிலும் மேலான மருந்து.

ஜோர்க்கி, ஃபெட் வைத்திருப்போருக்கு இரண்டு எச்சரிக்கை. ஷட்டர் வேகத்தைச் சுருளை நகர்த்திய பிறகே மாற்ற வேண்டும். முன்னால் மாற்றினால் உள்ளே பழுதாகும். லென்ஸ் மூடியில்லாமல் வெயிலைப் பார்த்துக் கேமராவை வைக்காதீர்கள். நடுவே கண்ணாடி இல்லாததால் சூரியன் துணித்திரையில் ஓட்டை போட்டுவிடும்.

வீட்டுக்குள் வெளிச்சம்

சாதாரண ட்யூப்லைட் அறையில் 400 ஏ.எஸ்.ஏ. பிலிமுக்கு, துளை 5.6இல் சுமார் கால் நொடி வேண்டியிருக்கும். கையில் பிடித்தால் ஆடும். முக்காலி வைத்து, எல்லாரும் மூச்சைப் பிடித்து ஒரு கணம் அசையாதிருந்தால் போதும். ஃப்ளாஷ் போடுவதானால் நேராக அடிக்காதீர்கள். சாதாரண ஃப்ளாஷின் ஒளி 28 அல்லது 35 மி.மீ. லென்ஸின் அகலத்துக்குத்தான் பரவும், மூலைகள் கறுத்துவிடும்.

இதற்கு வழி நம் ஊரிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956இல் வந்தது. அதில் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் அடித்துத் திருப்பி இறங்கவிட்டார். திறந்த வானத்து வெளிச்சம் போலவே இருந்தது. நாமும் ஃப்ளாஷை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பலாம். கூரை அழுக்காகவோ வண்ணமாகவோ இருந்தால் வெள்ளை வேட்டி ஒன்றை உயரக் கட்டினால் முடிந்தது.

லென்ஸே வாங்காமல்

ஒரே ஒரு படத்துக்காக லென்ஸ் வாங்குவது எல்லாருக்கும் நியாயமல்ல. லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஆள் இல்லாத அறைக்கு இந்த முறை இன்றும் செல்லும். ஆட்கள் இருந்தால் ஒட்டும் இடத்தில் யாராவது அசைந்திருப்பார்கள்.

இப்போது பல கைபேசிகளில் அகலக் கண் ஒன்று இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் நன்றாகவே எடுக்கும். மங்கிய அறையில் அதன் ஓரங்கள் குழைந்துபோகும். எப்படியானாலும் அதிலும் ஒன்று எடுத்துவைப்பது புத்திசாலித்தனம். ஒன்றை நம்பி ஒன்றைக் கைவிட வேண்டாம்.

கார்ட்டியே ப்ரெஸ்ஸான் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றிலேயே உலகை எடுத்தார். அவருடைய இந்தியப் படங்களின் 1987ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் நம் ராய்தான். அவரே போதும் என்று விட்ட லென்ஸ் நமக்கு ஏன் போதவில்லை என்று கேட்கலாம். அவர் நின்றது தெருவில். பின்னால் போக இடம் இருந்தது. நமக்கோ பத்தடியில் சுவர்.

அன்பர் வீட்டில்

மெட்ரோ கலியில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில் காட்டிய 21 மி.மீ. லென்ஸில் டார்ச் அடித்தால் உள்ளே பூஞ்சை பின்னிக்கொண்டிருந்தது. “லேசான தூசு” என்றார் கடைக்காரர். வணக்கம் சொல்லி இறங்கிவிட்டோம். கடைசியில் சன்னலோடு சேர்ந்த திருகு மரை கலர் ஸ்கோபார் ஒன்று சுத்தமாகக் கிடைத்தது. அன்பர் முதலில் பயந்த 15 மி.மீ. செலவில் ஏறக்குறைய பாதியில் காரியம் முடிந்தது. ஒரு சுருள் போட்டுச் சோதனையும் பார்த்தோம்.

சரஸ்வதி பூஜை நாளன்று மாலை நிலைப்படியில் முக்காலி வைத்தோம். உயரே ஒரு வேட்டி கட்டினோம். பாட்டியம்மாளை நடுவில் நாற்காலியில் உட்காரவைத்தோம். “எனக்கு ஓரமே போதும்” என்றார். “ஓரத்தில் உட்கார்ந்தால் தலை ஒன்றேகால் மடங்காகிவிடும் அம்மா” என்றேன். ஒன்றும் புரியாவிட்டாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பும் ஒரு படத்தில் இருக்கிறது.

கொலுவை எடுத்தபின் மிச்சமிருந்த பிலிமில் சமையலறை, பூஜை அலமாரி, பின்கட்டு எல்லாவற்றையும் எடுத்தோம். படம் கழுவி வந்ததும் அன்பர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது கொலுப் படத்தையல்ல. சமையலறைப் படத்தில் இடப்பக்கச் சுவர். அங்கே குழந்தைகளின் உயரத்தை ஆண்டுதோறும் பென்சிலால் கோடு போட்டுவைத்திருக்கிறார்கள். அவர் உயரமும், அவர் மகன் உயரமும், பேத்தியின் உயரமும் ஒரே சுவரில். எடுக்கும்போது இருவருமே அதைக் கவனிக்கவில்லை. வாசலிலிருந்து 3.5 அடிக்கு அப்பால் இருந்ததால் படத்தில் வந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் கட்டடம் இல்லை.

ஒரு பயிற்சி

கடைக்குப் போகுமுன் காசில்லாமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கெட்டி அட்டையில் 18 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரத்துக்குச் சன்னல் வெட்டுங்கள். இது பிலிம் படத்தின் ஐந்து மடங்கு. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணுக்கு முன் அட்டையைப் பிடியுங்கள். கண்ணிலிருந்து 25 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 50 மி.மீ. லென்ஸ் காண்பது தெரியும். 14 செ.மீ. என்றால் 28 மி.மீ.; 10.5 செ.மீ. என்றால் 21 மி.மீ.; 7.5 செ.மீ. என்றால் 15 மி.மீ. லென்ஸ். எல்லாம் ஐந்து மடங்குக் கணக்குத்தான்.

உங்கள் வீட்டில் எடுக்க விரும்பும் இடத்தில் நின்று, வேண்டியதெல்லாம் அடங்கும்வரை அட்டையை முகத்தருகே கொண்டுவாருங்கள். அடங்கிய இடத்தில் நிறுத்தி, கண்ணுக்கும் அட்டைக்கும் உள்ள தூரத்தை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதை மில்லிமீட்டரில் எழுதி ஐந்தால் வகுத்தால் உங்களுக்கு வேண்டிய லென்ஸ் எது என்பது வந்துவிடும். கொலுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அட்டையும் கத்தரிக்கோலும் எடுத்து இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பாருங்கள். ஐயம் இருந்தால் சங்க நூலகத்தில் என்னைக் காணலாம். டேப் எப்போதும் பையில் இருக்கும்.